இருட்டில் ஒரு நண்பன்

1752-ம் வருஷம். ஏப்ரல் மாதத்தில் ஒரு நடுநிசி. இடம், நம்ம சமயபுரம்.

இன்றைக்கு இருக்கிற பஸ் ஸ்டாண்ட், தேங்காய்க் கடைகள், மொட்டை போட வரிசை கட்டும் கூட்டம் எதுவும் அன்றைக்கு இல்லை. கால் மைல் இடைவெளியில் இரண்டு கோயில்கள், பக்கத்தில் ஒரு சத்திரம், சுற்றிலும் பொட்டல். அந்தச் சத்திரத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார் இருபத்தாறு வயது வெள்ளைக்காரர் ஒருவர். முந்தைய வருஷம்தான் ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கியவர். ராபர்ட் கிளைவ்.

இருட்டில் ஒரு படை வந்தது. காவல்காரன், 'யார் அது?' என்று அதட்டினான். பதில் சுத்தமான ஆங்கிலத்தில் வந்தது. 'மேஜர் லாரன்ஸ் அனுப்பிய உதவிப்படை' என்றார்கள். நம்ம ஆட்கள்தானே என்று வழிவிட்டான். ஆனால் வந்தது பிரெஞ்சுப் படை. ஆங்கிலம் பேசியது, கும்பெனிப் படையிலிருந்து ஓடிப்போய் எதிரியிடம் சேர்ந்துகொண்ட ஆசாமிகள்.

திடீரென்று சுட ஆரம்பித்தார்கள். கிளைவின் காலடியில் இருந்த பெட்டி சிதறியது. பக்கத்தில் படுத்திருந்த வேலைக்காரன் அங்கேயே செத்தான். கிளைவ் எழுந்து அடுத்த கோயிலுக்கு ஓடி, ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு சிப்பாய்க் கூட்டம் எதையோ பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தது. நம்ம பயல்கள்தான் பயத்தில் கண்டபடி சுடுகிறார்கள் என்று நினைத்து, உள்ளே புகுந்து திட்டி, அடித்தார். அவர்களில் ஒருவன் கத்தியால் ஒரு வெட்டு வெட்டினான். அப்போதுதான் கிளைவுக்கு உறைத்தது: அத்தனை நேரமும் அவர் அதட்டிக்கொண்டிருந்தது எதிரியின் படையை.

கிளைவ் எப்படியோ பிழைத்தார். அதற்குப் பிறகு நடந்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நமக்கு இங்கே வேண்டியது இரண்டே சங்கதிகள். ஒன்று, கிளைவ் சமயபுரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? இரண்டு, இருட்டில் நண்பன் யார், எதிரி யார் என்று தெரியாமல் போனால் என்ன ஆகும்?

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். சோறு.

பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபும் ஸ்ரீரங்கம் தீவில் கோயிலின் வெளிப் பிராகாரங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோட்டை மாதிரி மதில். பீரங்கி வைத்து உடைப்பது லேசில்லை. ஆனால் உள்ளே இருக்கிறவன் சாப்பிட்டாக வேண்டுமே? புதுச்சேரியிலிருந்து அவர்களுக்குத் தளவாடமும் தானியமும் வருகிற பாதை சமயபுரம் வழியாகத்தான் போனது. கிளைவ் அந்தத் தொண்டையில் கை வைத்தார். இன்னொரு பக்கம், கல்லணைக்குப் பக்கத்தில் கோவிலடியில் பிரெஞ்சுக்காரர்கள் தானியக் கிடங்கு வைத்திருந்தார்கள். அதைத் தஞ்சாவூர்ப் படை பிடித்துக்கொண்டது. ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார். சந்தா சாகிபின் தலை போனது. தென்னிந்தியாவின் தலையெழுத்தில் ஒரு பெரிய பகுதி, நெல் மூட்டை யாரிடம் இருக்கிறது என்பதில் முடிவானது.

ஆனால் நெல் மூட்டைக்கு கிளைவைவிடப் பழைய எதிரி ஒருவர் உண்டு. அவருக்குப் பீரங்கி வேண்டாம். மதில் ஏற வேண்டாம். உங்கள் வீட்டு அரிசி டப்பாவுக்குள்ளேயே இருப்பார். வண்டு!

* * *

அரிசிக் கூன்வண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு. முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு மூக்கு. பெண் வண்டு அந்த மூக்கால் தானியத்தில் ஓட்டை போடும். உள்ளே ஒரு முட்டை. அப்புறம் ஒரு பசையால் ஓட்டையை அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல மணியாகத்தான் தெரியும். உள்ளே புழு பொரிந்து, மாவைத் தின்று, கூட்டுப்புழுவாகி, ஒரு மாதம் போல ஆனதும் வண்டாக வெளியே வரும். ஒரு பெண் வண்டு வாழ்நாளில் முந்நூறு, நானூறு முட்டை வரை இடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

நெல்லாக இருந்தால் வேறு ஆட்கள். நெல் துளைப்பான் வண்டு ஒன்று. நெல் அந்துப்பூச்சி இன்னொன்று. இந்த அந்துப்பூச்சிக்கு ஆங்கிலத்தில் அங்குமுவா என்று பெயர். பிரான்ஸ் தேசத்து மாகாணம் ஒன்றின் பெயர் அது. 1760-ல் அங்கே களஞ்சியங்களை இந்தப் பூச்சி காலி செய்துகொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில் தானியம் இல்லாமல் பிரெஞ்சுப் படை சரணடைந்து எட்டே வருஷம்தான் ஆகியிருந்தது! பாரிஸ் அகாடமி இரண்டு விஞ்ஞானிகளை அனுப்பியது. துஹாமெல், தியே என்று பெயர். ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு 1762-ல் ஒரு புத்தகமே போட்டார்கள். அவர்கள் சொன்ன வைத்தியம், தானியத்தை அடுப்பில் சூடுபடுத்துவது.

நம்ம ஊர்ப் பாட்டிகள் சிரித்திருப்பார்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நெல்லைக் காயப்போடுவதும் அதே வைத்தியம்தானே? துவரைக்குச் செம்மண் கட்டுவது, பயறுக்கு எண்ணெய் தடவுவது, குதிரில் வேப்பிலையும் நொச்சியும் போடுவது என்று அவர்கள் கையில் ஒரு மருந்துக் கடையே இருந்தது. பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால், ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளேயே நாயக்கர் காலத்து வட்ட வடிவ நெற்களஞ்சியங்கள் நிற்கின்றன. பாபநாசம் பக்கம் திருப்பாலைத்துறைக் கோயிலில் 17-ம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்று உண்டு. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பார்கள். தடித்த செங்கல் சுவர், மேலே கூம்பு மாதிரிக் கூரை. மேலே கொட்டி, கீழே எடுக்க வேண்டியது. உள்ளே காற்றும் ஈரமும் குறைவு. வண்டுக்கு அது பிடிக்காது.

பிடிக்காது என்றால், வராது என்று அர்த்தமில்லை. வந்தது. ஆனாலும் முழுசாகத் தின்று தீர்க்கவில்லை. ஏன்? காய்ச்சலும் வேப்பிலையும் பாதிக் காரணம். மீதிக் காரணம் அந்தக் களஞ்சியங்களுக்குள்ளேயே பறந்துகொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

* * *

அது ஒரு குளவி. குளவி என்றதும் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுகிற பெரிய ஆசாமியை நினைக்காதீர்கள். இது இரண்டு, மூன்று மில்லிமீட்டர். கொசுவை விடச் சின்னது. உங்களைக் கொட்டாது. தானியத்தைத் தொடாது. 1881-ல் ஹோவர்டு என்ற அமெரிக்கர் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். அனிசோப்டெரோமாலஸ் கலாண்ட்ரே. வாயில் நுழையவில்லை என்றால் விடுங்கள். கூன்வண்டுக் குளவி என்று நாம் வைத்துக்கொள்வோம்.

இதன் வேலை விசித்திரமானது. தானிய மணிகள் மேல் ஓடி ஓடி மோப்பம் பிடிக்கும். எந்த மணிக்குள் வண்டுப் புழு இருக்கிறதென்று கண்டுபிடிக்கும். பிறகு ஊசி மாதிரி இருக்கிற தன் முட்டையிடும் உறுப்பை மணிக்குள் இறக்கும். புழுவை ஒரு குத்து. புழு மரத்துப்போகும். அதன் மேல் ஒரு முட்டை. குளவிக் குஞ்சு பொரிந்து வண்டுப் புழுவைத் தின்று வளர்ந்து, நம்ம ஊர் வெப்பத்தில் இரண்டு வாரம் போல ஆனதும் வெளியே வரும். வண்டுக்கு ஒரு தலைமுறை ஆகிற நேரத்தில் குளவிக்கு இரண்டு தலைமுறை.

இதே மாதிரி அந்துப்பூச்சிப் புழுவைப் பிடிக்க பிராக்கான் என்றொரு குளவி உண்டு. மாவு வண்டின் முட்டைகளையும் குட்டிப் புழுக்களையும் உறிஞ்சித் தின்ன, கொள்ளைக்கார நாவாய்ப்பூச்சி என்று ஒரு குட்டி ஆசாமி உண்டு. மணிக்குள் ஒளிந்த எதிரிக்குக் குளவி, மணிகளுக்கு நடுவே அலைகிற எதிரிக்கு நாவாய்ப்பூச்சி. வேலைப் பங்கீடு எப்படி இருக்கிறது பாருங்கள்!

இவர்களை யாரும் சம்பளம் கொடுத்துக் கூப்பிடவில்லை. வண்டு இருக்கிற இடத்துக்குத் தானாக வருவார்கள். களஞ்சியத்தை மொத்தமாகச் சுத்தப்படுத்திக் கொடுத்துவிட மாட்டார்கள், அது உண்மை. ஆனால் வண்டுக் கூட்டம் தலைக்குமேல் போகாமல் பிடித்து வைப்பார்கள்.

அப்புறம்தான் மருந்து வந்தது.

* * *

மருந்தை ஒரேயடியாக வில்லனாக்க வேண்டாம். அது நியாயமில்லை. 1943 வங்காளப் பஞ்சத்தின் நினைவு மாறாத தேசம் இது. 1960-களில் அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலை. அந்தச் சமயத்தில் ஒரு மூட்டையை வண்டுக்குக் கொடுப்பதும் பாவம். 1965 ஜனவரி 14-ம் தேதி, பொங்கலன்று, இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்கே திறக்கப்பட்டது தெரியுமா? நம்ம தஞ்சாவூரில். அதற்கப்புறம் குதிரும் பத்தாயமும் பின்னால் போய், குடோன்கள் முன்னால் வந்தன. ஆயிரக்கணக்கில் மூட்டைகள், அட்டி அட்டியாக. அவ்வளவையும் வேப்பிலை போட்டுக் காப்பாற்ற முடியுமா என்ன?

டி.டி.டி. வந்தது. பி.எச்.சி. வந்தது. 1950 வாக்கில் மாலத்தியான் வந்தது. சுவரிலும் தரையிலும் சாக்கின் மேலும் அடித்தார்கள். பிறகு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. மூன்று கிராம் மாத்திரை ஒன்று காற்றிலுள்ள ஈரம் பட்டதும் ஒரு கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். அட்டி மேல் தார்ப்பாய் போர்த்தி, ஓரங்களை மணல் பாம்பு வைத்து அழுத்தி, ஏழு நாள் மூடி வைத்தால், மணிக்குள் இருக்கிற புழுவையும் அந்த வாயு தேடிப்போய்க் கொல்லும். மூடியைத் திறந்து காற்றோட்டம் விட்டால் வாயு போய்விடும். தானியத்தில் மிச்சம் மிக மிகக் குறைவு. விலையும் சல்லிசு. இதைவிட வேறென்ன வேண்டும்?

வண்டு பார்த்தது. சும்மா இருக்குமா?

1972-73-ல் உலக உணவு, விவசாய அமைப்பு பல நாடுகளிலிருந்து தானியப் பூச்சிகளைச் சேகரித்துச் சோதித்தது. மாலத்தியானுக்குச் சாகாத பூச்சிகள் உலகம் முழுக்கக் கிடைத்தன. பாஸ்பீனுக்கு அசையாதவையும் சில இடங்களில் தலைகாட்டின. அதன் பிறகு கதை வேகம் பிடித்தது. ஓட்டை விழுந்த தார்ப்பாய், சரியாக ஒட்டாத ஓரம், நாலே நாளில் திறந்துவிடும் அவசரம். வாயு அரைகுறையாக இருந்தால் பலவீனமான பூச்சி சாகும், பலசாலி பிழைக்கும். பிழைத்தவன் குடும்பம் நடத்துவான். நாமே பார்த்துப் பார்த்துப் பலசாலிகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்த மாதிரி ஆகிவிட்டது.

சில நெல் துளைப்பான் வண்டுகளைக் கொல்ல, சாதாரண வண்டுக்கு வேண்டியதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு வாயு தேவைப்பட்டது. 2012-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதன் மர்மத்தை உடைத்தார்கள். உடம்பு எரிபொருளை எரிக்கிற இயந்திரத்தில் இருக்கும் ஒரு முக்கிய நொதியில் சின்ன மாற்றம். அவ்வளவுதான். 2015-ல், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று வெளியானது. இந்திய வண்டுகளிடம் அந்த நொதியில் இருந்த ஒரு மாற்றம், செல்லில் உட்கரு உள்ள வேறெந்த உயிரினத்திலும் அதுவரை பார்க்காத ரகம் என்று சொன்னது. பெருமைப்படுகிற விஷயமா இது?

இன்னொரு பக்கம் ஆயுதக் கிடங்கும் காலியாகிக்கொண்டே வந்தது. மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று சர்வதேச ஒப்பந்தம் போட்டு நிறுத்தினார்கள். பணக்கார நாடுகளில் 2005, நம்மைப் போன்ற நாடுகளில் 2015. ஏற்றுமதிச் சரக்குக்கு மட்டும் விலக்கு. வீட்டு உபயோகத்துக்குக் கூடச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வந்த எத்திலீன் டைபுரோமைடு, இந்தியாவில் 2001-ல் தடை. குடோன்களில் தெளித்த டைகுளோர்வாஸ், 2020-ம் ஆண்டின் கடைசி நாளோடு தடை. மிச்சம் கையில் இருக்கிற பெரிய ஆயுதம் பாஸ்பீன். அதற்கும் வண்டு பழகிக்கொண்டிருக்கிறது.

சரி, நம்ம குளவி என்ன ஆனது?

முதல் தெளிப்பிலேயே செத்துப்போனது. யோசித்துப் பாருங்கள். வண்டுப் புழு மணிக்குள், கோட்டைச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. குளவி வெளியே, மருந்து பட்ட மணிகள் மேல் ஓடி ஓடித் தேடுகிறது. உடம்போ கொசு சைஸ். மருந்து முதலில் யாரைக் கொல்லும்? எதிரி உள்ளே பத்திரமாக இருக்க, நண்பன் வாசலிலேயே விழுந்தான். சமயபுரத்து ராத்திரியில் கிளைவ் எதிரியை நண்பன் என்று நினைத்தார். குடோனுக்குள் நாம் நண்பனையும் எதிரி என்று நினைத்தோம். 'பூச்சியா? அடி மருந்தை!'

* * *

இந்த இடத்தில் இரண்டு கட்சிகள் உருவாயின. ஒரு கட்சி, மருந்துதான் வழி என்றது. இன்னொரு கட்சி, மருந்தே வேண்டாம், நன்மை செய்யும் பூச்சிகளை விடுங்கள் என்றது. இரண்டையும் ஒரே குடோனில் வைக்க முடியாது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை!

இந்தச் சுவரில் முதல் ஓட்டை, யாரும் எதிர்பாராமல், ஒரு மாவு மில்லிலிருந்து விழுந்தது. 1911-ல் ஜெர்மனியின் துரிங்கியா மாகாணத்தில் மாவு அந்துப்பூச்சிப் புழுக்கள் நோய் வந்து கொத்தாகச் செத்தன. எர்ன்ஸ்ட் பெர்லினர் என்பவர் காரணத்தைத் தேடி ஒரு பாக்டீரியாவைப் பிடித்தார். பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்று ஊர் பேரையே வைத்தார். இன்றைக்கு 'பி.டி.' என்று பருத்தியிலும் கத்திரிக்காயிலும் அடிபடுகிற அதே பி.டி.தான். தானியத்தின் மேல் அடுக்கில் இதைத் தூவினால் அந்துப்பூச்சிப் புழு சாகும். குளவிக்கு ஒன்றும் ஆகாது. எதிரியை மட்டும் அடையாளம் கண்டு கொல்கிற மருந்தும் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது.

இரண்டாவது ஓட்டை 1959-ல். கலிபோர்னியாவில் ஸ்டெர்ன், ஸ்மித், வான்டென் பாஷ், ஹேகன் என்ற நான்கு பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாட்டுத் தீவனப் பயிரான குதிரைமசாலில் அசுவினி வந்திருந்தது. மருந்தை அளவு குறைத்து, நேரம் பார்த்து அடித்தார்கள். அசுவினி பாதி செத்தது. அசுவினியைத் தின்கிற பொறிவண்டு முதலானவை பிழைத்தன. மீதி வேலையை அவை பார்த்துக்கொண்டன. மருந்தும் பூச்சியும் கூட்டணி வைக்கலாம் என்று புத்தகம் போட்டு நிரூபித்த கட்டுரை அது. ஒருங்கிணைந்த பூச்சி நிர்வாகம் என்று வேளாண் துறை போஸ்டர்களில் பார்க்கிறோமே, அதன் பிறப்புச் சான்றிதழ்.

மூன்றாவதுதான் சினிமா மாதிரி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சவானா என்றொரு ஊர். அங்கே வேளாண் துறையின் தானியப் பூச்சி ஆய்வகத்தினர் 1990-களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். வண்டு மருந்துக்குப் பழகுகிறதே, வருஷக்கணக்காக அதே மருந்துக்கு நடுவில் வாழ்ந்த குளவி மட்டும் பழகாதா? தேடினார்கள். கிடைத்தது! நம்ம கூன்வண்டுக் குளவியிலேயே ஒரு ரகம், சாதாரணக் குளவி சாகிற மாலத்தியான் அளவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் தாங்கியது. மருந்து கலந்த கோதுமையில் அதை விட்டுப் பார்த்தார்கள். மருந்தும் இருந்தது, குளவியும் இருந்தது, கூன்வண்டு குறைந்தது. பரிணாமம் என்பது எதிரிக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்து இல்லை என்று தெரிந்த நாள் அது.

அமெரிக்காவில் இன்னொரு தடையும் விலகியது. அதுவரை தானியத்தில் எந்தப் பூச்சி இருந்தாலும், நல்லதோ கெட்டதோ, சட்டப்படி அசுத்தம். 1992-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை, தானியக் கிடங்கில் விடுகிற நன்மை செய்யும் பூச்சிகளுக்கு விலக்கு கொடுத்தது. ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அந்துப்பூச்சி முட்டையைத் தாக்கும் டிரைக்கோகிரம்மா குளவியை அட்டையில் ஒட்டி, வீட்டு அலமாரியில் வைக்க விற்கிறார்கள். சமையலறைக்குக் குளவி வாங்குகிற ஜனங்கள்!

* * *

'அதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம், நமக்கு ஏது?' என்கிறீர்களா? இங்கேதான் வேடிக்கை.

அதே டிரைக்கோகிரம்மா குளவியைத் தமிழ்நாட்டில் வருஷக்கணக்காக வளர்க்கிறோம். கரும்பில் இடைக்கணுப் புழுவை ஒழிக்க, முட்டை ஒட்டிய அட்டைகளைத் தோட்டத்தில் கட்டுகிறார்கள். திருச்சி ஜில்லாக் கரும்பு விவசாயிகளைக் கேளுங்கள், சொல்வார்கள். அந்தக் குளவி வளர முட்டை வேண்டுமே, எந்த முட்டை? கார்சைரா என்கிற அரிசி அந்துப்பூச்சியின் முட்டை. ஆமாம், உங்கள் அரிசியில் நூல் கட்டிக் கட்டி கட்டியாக்குகிற அதே வில்லன். ஆய்வகத்தில் அதற்கு உடைத்த கம்பு போட்டு, ராஜ உபசாரம் செய்து வளர்க்கிறார்கள்.

அந்த ஆய்வகத்துக்காரர்கள் யாருக்குப் பயப்படுவார்கள் தெரியுமா? பிராக்கான் குளவிக்கு. ஒரு சின்ன இடுக்கு வழியாக அது உள்ளே நுழைந்தால் போதும், அந்துப்பூச்சிப் புழுக்களையெல்லாம் குத்திப் போட்டுவிடும். குடோனில் நண்பனாக இருக்க வேண்டியவன், இங்கே எதிரி. தானியப் பூச்சியை ஒரு குளவி எப்படித் துவம்சம் பண்ணும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எதற்கு? அந்த வித்தையைக் குடோனுக்குக் கொண்டுபோவதுதான் பாக்கி. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், கொள்ளைக்கார நாவாய்ப்பூச்சிகளை இதே கார்சைரா முட்டை போட்டு வளர்க்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது.

சமயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மண்ணச்சநல்லூர். பொன்னி அரிசி என்றாலே அந்த ஊர் பேர்தான் சொல்வார்கள். தெருவுக்குத் தெரு ரைஸ் மில், நெல் குடோன். அப்படிப்பட்ட ஒரு நெல் குடோனை மனசில் வைத்து, இந்தக் கூட்டணி எப்படி நடக்கும் என்று பார்ப்போம்.

முதலில், குடோன் காலியாக இருக்கும்போது கூட்டிப் பெருக்க வேண்டும். மூலையில் கிடக்கிற பழைய நெல், விரிசலில் ஒளிந்த வண்டு, இவைதான் புது நெல்லுக்கு வருகிற வியாதி. விரிசலைப் பூசிவிட்டு, சுவருக்கும் தரைக்கும் மருந்து அடிக்கலாம். இப்போது அடிப்பதில் தப்பில்லை. நண்பர்கள் யாரும் உள்ளே இல்லை.

அப்புறம் மூட்டை வந்து அட்டி ஏறுகிறது. வியாபாரிகள் குத்தூசி போட்டு சாம்பிள் எடுப்பார்கள். அது அந்த நிமிஷத்துச் சேதி. ஆனால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் முனைவர் எஸ். மோகன் உருவாக்கிய பொறி ஒன்று உண்டு. ஓட்டைகள் போட்ட ஒரு குழாய், அடியில் கூம்பு. தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி அலைகிற வண்டு ஓட்டை வழியாக உள்ளே விழும், ஏற முடியாது. இது இருட்டில் விளக்குப் போட்ட மாதிரி. எத்தனை பேர், என்ன ஜாதி என்று தெரிந்துவிடும். வண்டு நிறைய என்றால், பாஸ்பீன் மூட்டம் போட வேண்டியதுதான். போடுவதை ஒழுங்காகப் போட வேண்டும். ஓட்டையில்லாத பாய், முழு அளவு, முழு நாட்கள். அரைகுறை மூட்டம் வண்டுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவது மாதிரி.

மூட்டத்தைத் திறந்து காற்றோட்டம் விட்டாச்சு. வாயு போய்விட்டது. இப்போது பாஸ்பீனின் பலவீனம் தெரியும். அன்று ராத்திரியே பக்கத்துக் குடோனிலிருந்து ஒரு அந்துப்பூச்சி பறந்து வந்தால், தடுக்க ஆள் இல்லை. குளவியை விட வேண்டிய நேரம் இதுதான். குளவியைக் கொல்ல வாயு இல்லை, எதிரியும் கொஞ்சமாக இருக்கிறான். குளவியின் குணம் அப்படி. வண்டு லட்சக்கணக்கில் பெருகிய பிறகு விட்டால் தோற்கும். நாலைந்து பேராக ஒளிந்திருக்கும்போது விட்டால், தேடித் தேடிப் பிடிக்கும். நம் கண்ணுக்கும் மருந்துக்கும் எட்டாத கடைசி எதிரியைத் தேடுவதுதான் அதன் பிழைப்பே.

அதற்குப் பிறகு வாராவாரம் மருந்து அடிக்கக் கூடாது. அந்துப்பூச்சிக்கு பி.டி., வேறெதற்கும் வேப்பம் சரக்கு என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். வெட்டுக்கிளியையே தின்ன விடாமல் தடுக்கும் சக்தி வேப்பங்கொட்டைக்கு உண்டு என்று 1962-ல் டெல்லியில் பிரதானும் அவர் சகாக்களும் காட்டினார்கள். நம்ம பாட்டியின் குதிர் வேப்பிலைக்கு விஞ்ஞானம் போட்ட சலாம் அது. கடைசியில் நெல் மில்லுக்குப் போகும்போது, சல்லடையும் காற்று விசிறியும் குளவிகளை ஊதித் தள்ளிவிடும்.

ஆக, மருந்து பெரும்படையை உடைக்கிறது, குளவி ஒளிந்தவனைத் தேடுகிறது. மூட்டம் போடுகிற தடவைகள் குறைகின்றன. குறைந்தால் என்ன லாபம்? வண்டு மருந்துக்குப் பழகுவது தாமதமாகும். பாஸ்பீன் என்ற அந்தக் கடைசி ஆயுதம் இன்னும் கொஞ்ச காலம் நம் கையில் இருக்கும். மூட்டம் போடுகிற தொழிலாளி அந்த வாயுவை சுவாசிக்கிற ஆபத்தும் குறையும். மனுஷன் உடம்பில் ஏறினால் அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரையை யாராவது 'ஒண்ணே ஒண்ணு போடுங்க, வண்டே வராது' என்று கொடுத்தால், வீட்டு அரிசியில் போட்டுவிடாதீர்கள். மூடிய வீட்டில் அது குடும்பத்தையே கொல்லும். அது பயிற்சி பெற்றவர்கள் கையில் மட்டும் இருக்க வேண்டிய சரக்கு.

இந்தக் கூட்டணியில் குறைகளும் இருக்கின்றன. குளவி மெதுவாக வேலை செய்யும். கடைசி வண்டு வரை ஒழிக்காது. ஆலையிலிருந்து நேராக உங்கள் தட்டுக்கு வருகிற வெள்ளை அரிசிக்கு இது சரிப்படாது. குளவியை வளர்க்க, வேண்டிய நாளில் கொண்டுவந்து கொடுக்க ஆள் வேண்டும். நம்ம ஊர் குடோன்களில் இது இன்னும் அன்றாட வழக்கமாகவில்லை. கரும்புக்கு அட்டை கட்டத் தெரிந்த ஊருக்கு, நெல்லுக்கு அட்டை கட்டத் தெரியாதா என்பதுதான் என் ஆதங்கம்.

* * *

மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும். கூடை கூடையாகப் பூ வரும். அன்றையிலிருந்து 28 நாள் அம்மனுக்குப் பச்சைப் பட்டினி விரதம். ஊருக்காக, ஜனங்களுக்காகத் தானே விரதம் இருக்கிற தெய்வம் என்பார்கள். அந்த நாட்களில் சமைத்த சோறு நைவேத்தியம் கிடையாது. துள்ளு மாவு, இளநீர், பானகம், நீர்மோர்.

அந்த 28 நாள் கணக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூன்வண்டு ஞாபகம் வரும். முட்டையிலிருந்து வண்டாக அதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான். அம்மன் சோறு தொடாத அந்த ஒரு மாதத்தில், ஏதோ ஒரு குடோனில், ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு வண்டு சாப்பிட்டு முடித்திருக்கும். இல்லாவிட்டால், அதைத் தேடி ஒரு குளவி வந்திருக்கும்.

அடுத்த தடவை அரிசி டப்பாவைத் திறக்கும்போது, கொசு மாதிரி ஒரு பூச்சி அரிசி மேல் ஓடினால், உடனே நசுக்காதீர்கள். ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். மூக்கு நீண்டு மெதுவாக நகர்ந்தால், எதிரி. சிறகோடு, பரபரவென்று, ஒவ்வொரு மணியாக மோந்து பார்த்துக்கொண்டு ஓடினால், உங்கள் சோற்றைக் காப்பாற்ற வந்த ஆள். அவர் வந்திருக்கிறார் என்றால் உள்ளே வண்டு இருக்கிறது என்றும் அர்த்தம். அரிசியை வெயிலில் போடுங்கள்!

கிளைவுக்கு ஒரு வெட்டு விழுந்த பிறகுதான் யார் யாரென்று தெரிந்தது. நமக்குக் கையில் விளக்கு இருக்கிறது.